ஐந்து குண்டு, நாலு கிளிக்

கௌபாய் படங்களில் ஹீரோ துப்பாக்கியை உருவியதும் ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? சுடுகிற சத்தம் இல்லை. அதற்கு முன்னால் வருவது. துப்பாக்கியின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்கும்போது எழும் சத்தம். கிளிக், கிளிக், கிளிக், கிளிக்.

ஜெய்சங்கர் குதிரையேறிய ‘கங்கா’வைப் பார்த்தவர்களும், டெக்ஸ் வில்லர் காமிக்ஸைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்களும் அந்தத் துப்பாக்கியைக் கண்டால் உடனே அடையாளம் சொல்லிவிடுவார்கள். வளைந்த கைப்பிடி, நீளக் குழல், நடுவில் ஆறு குண்டு பிடிக்கும் உருளை. அமெரிக்காவில் இதை வைத்திருப்பவர்கள் அந்த நாலு கிளிக்கையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். சி, ஓ, எல், டி. கோல்ட்! தங்கம் இல்லை, தயாரித்த கம்பெனி முதலாளியின் பெயர். சாமுவேல் கோல்ட்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் துப்பாக்கியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1862லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய கம்பெனியில் வில்லியம் மேசன் என்பவர் வடிவமைத்து, 1873ல் வெளியே வந்தது. முதல் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்க ராணுவம். தலைக்கு 13 டாலர் வீதம் 8,000 துப்பாக்கி. ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ என்று பெயர். ஜனங்கள் வைத்த செல்லப் பெயர், ‘பீஸ்மேக்கர்’. சமாதானம் செய்து வைப்பவராம். நல்ல சமாதானம்!

அதென்ன சிங்கிள் ஆக்‌ஷன்? இதில் விசைக்கு ஒரே ஒரு வேலைதான். இழுத்து நிறுத்திய சுத்தியலை விடுவிப்பது. சுத்தியலை இழுக்கிற வேலையை ஒவ்வொரு முறையும் உங்கள் கட்டைவிரல்தான் செய்யவேண்டும். ஆறு குண்டுக்கு ஆறு தடவை. குண்டு நிரப்புவதும் அப்படித்தான். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து காலித் தோட்டாவை ஒரு கம்பியால் குத்தி வெளியே தள்ளி, புதிதாக ஒன்று போட்டு, உருளையைத் திருப்பி, அடுத்தது. எதிரில் ஒருவன் சுட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் செய்து பாருங்கள், தெரியும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது. சுத்தியலின் மூக்கில் ஓர் ஊசிமுனை. சுத்தியல் முழுக்கக் கீழே படிந்திருந்தால், அந்த முனை நேராகக் குண்டின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். துப்பாக்கி கைதவறி விழுந்து சுத்தியல் தரையில் பட்டால் போதும், வெடித்துவிடும். இதைத் தடுக்கத்தான் அந்த முதல் கிளிக்கை வைத்தார்கள். சுத்தியலைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தும் ஒரு சின்ன வெட்டு. ஆனால் அது மெல்லியது. பலமாக ஓர் அடி விழுந்தால் உடைந்துபோகும்.

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் குண்டு. ஆறாவது காலி. அந்தக் காலி அறையின்மேல் சுத்தியலை இறக்கி வைப்பது. எந்தப் படத்திலாவது ஹீரோ இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? மாட்டீர்கள்.

நிஜ ஹீரோக்களே மறந்திருக்கிறார்கள். வயட் அர்ப் என்றால் அமெரிக்க மேற்குப் பகுதியின் மகாப் பெரிய போலீஸ்காரர். ஹாலிவுட் அவரை வைத்து எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. 1876 ஜனவரியில், கன்சாஸ் மாநிலம் விச்சிட்டா ஊரில், ஒரு மதுக்கடையின் பின்னறையில் இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தார். ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்தது. டமால்! குண்டு அவருடைய கோட்டையே துளைத்துக்கொண்டு போய், சுவரில் பட்டு, கூரை வழியாக வெளியேறியது. அறையில் இருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை இந்தச் செய்தியைக் கொஞ்சம் நக்கலோடு போட்டது. பின்னாளில், 1931ல் வெளிவந்த அர்ப்பின் வாழ்க்கை வரலாற்றில், அனுபவசாலிகள் ஐந்து குண்டுதான் போடுவார்கள் என்று அவரே உபதேசம் செய்வதாக வருகிறது. பட்டுத் தெரிந்துகொண்டவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

ராணுவம் சீக்கிரமே விழித்துக்கொண்டது. 1892ல் வேறு மாடலுக்குப் போய்விட்டது. விசையை அழுத்தினாலே சுத்தியல் தானாக எழுந்து விழும் ‘டபுள் ஆக்‌ஷன்’. அப்புறம் 1911ல் தானியங்கிப் பிஸ்டல். நியாயமாகப் பார்த்தால் நம் கதை இங்கே முடிந்திருக்கவேண்டும்.

முடியவில்லை. காரணம், வைத்திருந்தவர்களின் பிரியம்.

ஜெனரல் பேட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படைகளை ஓட்டிச் சென்ற அதே பேட்டன். 1916ல் அவர் ஒரு சாதாரண லெஃப்டினென்ட். மெக்சிகோ புரட்சித் தலைவன் பாஞ்சோ வில்லாவைத் தேடிப்போன படையில் இருந்தார். போகுமுன் ஒரு கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் வாங்கிக்கொண்டார். உடல் முழுக்கச் சித்திர வேலைப்பாடு, யானைத் தந்தக் கைப்பிடி. அந்த வருடம் மே 14ம் தேதி, ஒரு பண்ணை வீட்டு வாசலில் வில்லாவின் ஆட்களோடு நேருக்கு நேர் மோதல். பேட்டனின் துப்பாக்கியில் இருந்தது ஐந்தே குண்டு. தீர்ந்ததும் சுவரோரம் பதுங்கி ஒவ்வொன்றாக நிரப்பவேண்டியிருந்தது. மூன்று பேர் செத்தார்கள். உடல்களை மோட்டார் காரின் முன்பக்கம் கட்டிவைத்து முகாமுக்குக் கொண்டுவந்தார். துப்பாக்கியின் தந்தப் பிடியில் இரண்டு கோடு கீறிக்கொண்டார். பின்னாளில் இடுப்பில் இரண்டு துப்பாக்கி தொங்கவிட்டதற்கு அன்றைக்குப் பட்ட பாடுதான் காரணம் என்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். குண்டு நிரப்ப நேரமாகிறது என்று உயிரைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்ட மனிதர், அதைத் தூக்கிப் போடவில்லை. 27 வருடம் கழித்து ஐரோப்பாவிலும் அதையே கட்டிக்கொண்டு திரிந்தார். யாராவது கைப்பிடியை முத்துச்சிப்பி என்று சொல்லிவிட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கம்பெனிக்கு இந்தப் பிரியமெல்லாம் கிடையாது. விற்றதா, விற்கவில்லையா, அவ்வளவுதான். சுமார் மூன்றரை லட்சம் துப்பாக்கிகள் செய்து முடித்து, இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் தயாரிப்பை நிறுத்தினார்கள். போர் முடிந்ததும், இனி இதைச் செய்வதாக இல்லை என்று சொல்லியும் விட்டார்கள். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் நானும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன். தப்புக் கணக்கு! அப்போதுதான் அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்குள் டெலிவிஷன் நுழைந்தது. பழைய கௌபாய் படங்கள் ஓடின. 1955ல் ‘கன்ஸ்மோக்’ தொடர் ஆரம்பித்து இருபது வருடம் ஓடியது. அப்பாக்களுக்கெல்லாம் அந்தத் துப்பாக்கி வேண்டும். கடைக்குப் போனால் இல்லை.

பில் ரூகர் என்ற புத்திசாலி இதை முதலிலேயே மோப்பம் பிடித்துவிட்டார். 1953ல் சின்னக் குண்டு போடும் ‘சிங்கிள் சிக்ஸ்’, 1955ல் பெரிய குண்டு போடும் ‘பிளாக்ஹாக்’ என்று இறக்கினார். பக்கத்து இலைக்குப் பாயசம் போவதைப் பார்த்துக்கொண்டு கோல்ட் கம்பெனி சும்மா இருக்குமா? மூடிவைத்த மாடலை 1956ல் மறுபடி செய்ய ஆரம்பித்தது. செத்துப்போன சரக்கு, வாடிக்கையாளர் அழுத அழுகையில் எழுந்து உட்கார்ந்தது.

ரூகர் கெட்டிக்காரர். உள்ளே பழைய தட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சீக்கிரம் உடையாத சுருள் ஸ்பிரிங் வைத்தார். ஆனால் அந்த அழகோடு சேர்த்து அதன் பழைய வியாதியையும் வாங்கிக்கொண்டார். கீழே விழுந்தால் வெடிக்கும். 1873ல் வாங்கியவனுக்கு ஐந்து குண்டு ரகசியம் தெரிந்திருந்தது. டி.வி. பார்த்து வாங்கியவனுக்கு? ஆறு அறை இருக்கிறது, ஆறு குண்டு போட்டான். கால் போனவர்கள் உண்டு, உயிரே போனவர்களும் உண்டு. வழக்குகள் வந்தன. அலாஸ்காவில் கைநழுவிய துப்பாக்கி வெடித்துக் காலில் குண்டு பாய்ந்த ஒருவருக்கு, நஷ்டஈடு போகத் தண்டத்தொகையாக மட்டும் 29 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக ஜூரிகள் விதித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 1979ல், இது ரொம்ப அதிகம் என்று குறைத்தது. ஆனாலும் சேதி சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது.

அதற்கு முன்பே, 1973ல், ரூகர் கம்பெனி வைத்தியம் கண்டுபிடித்திருந்தது. ஊசிமுனைக்கும் சுத்தியலுக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புப் பட்டை. விசையை இழுத்தால் மட்டும் அது மேலே எழும்பி அடியைக் கடத்தும். மற்ற நேரத்தில் என்ன இடித்தாலும் ஊசியைத் தொடாது. ஆறு அறையிலும் தைரியமாகக் குண்டு போடலாம். நூறு வருட வியாதிக்கு மருந்து! அடுத்து 1982ல், 1953 முதல் 1972 வரை விற்ற எல்லாத் துப்பாக்கிகளையும் அனுப்பிவையுங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று விளம்பரமும் செய்தார்கள்.

விழுந்தடித்துக்கொண்டு அனுப்பியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அனுப்பியவர்கள் உண்டு. ‘மாட்டேன்’ என்று அடம் பிடித்தவர்களும் ஏராளம். என்ன காரணம்? மாற்றினால் விசையின் பதம் போய்விடுகிறதாம். புது மாடலில் அந்த நாலு கிளிக் வருவதில்லையாம். என் தாத்தா ஐந்து குண்டு போட்டார், நானும் போட்டுக்கொள்கிறேன், உங்களுக்கென்ன?

கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஐந்துதான் என்று எண்ணிப் போடுகிறவன் தன் கையில் இருப்பது என்ன என்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்கிறான். 1987ல் தொடங்கிய ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி’யில் பழைய காலத்து உடையும் புனைபெயருமாகப் போட்டி நடத்துகிறார்களே, அங்கே விதியே அதுதான். ஐந்து குண்டு, சுத்தியல் காலி அறைமேல். பிரச்னை, துப்பாக்கி அந்தக் கையிலேயே இருந்துவிடுவதில்லை என்பதுதான். விற்பார்கள், பிள்ளைக்குக் கொடுப்பார்கள், அலமாரியில் வைத்துவிட்டுச் செத்துப்போவார்கள். துப்பாக்கி கைமாறும். ஐந்து குண்டு ரகசியமும் கூடவே போகும் என்பது நிச்சயமில்லை.

கைமாறுவது என்றதும் ஒரு துப்பாக்கி ஞாபகம் வருகிறது. 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவில் பில்லி த கிட் என்ற இளம் கொள்ளைக்காரனை ஷெரீஃப் பேட் காரெட் சுட்டுக் கொன்ற அதே கோல்ட். காரெட்டுக்கு வாழ்நாள் பூராவும் கடன் தொல்லை. துப்பாக்கி எப்படியோ எல் பாசோவில் ஒரு மதுக்கடைச் சுவரில் போய்த் தொங்கியது. கடைக்காரர் செத்ததும், அது இரவல் கொடுத்ததுதான் என்று காரெட்டின் விதவை வழக்குப் போட்டு மீட்டார். 2021 ஆகஸ்டில் அது ஏலத்துக்கு வந்தது. போன விலை 60 லட்சம் டாலருக்கு மேல். நம் பணத்தில் சுமார் 44 கோடி ரூபாய். அதுவரை உலகில் எந்தத் துப்பாக்கியும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை.

சந்தை என்பது இந்தப் பிரியத்தைச் சரியாக எடைபோடுகிற தராசு. பழைய ரூகரை ‘த்ரீ ஸ்க்ரூ’ என்பார்கள். பக்கவாட்டில் மூன்று திருகாணி இருக்கும். கம்பெனிக்கு அனுப்பிப் பத்திரமாக மாற்றிய த்ரீ ஸ்க்ரூவுக்கு விலை குறைவு. கைபடாத, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடியதற்கு விலை அதிகம்.

கம்பெனிக்கும் இது தெரிந்தேயிருந்தது. மாற்றித் தரும்போது, கழற்றிய பழைய சுத்தியலையும் மற்ற பாகங்களையும் ஒரு பையில் போட்டு உரிமையாளருக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பையை யாரும் குப்பையில் போடுவதில்லை. துப்பாக்கியை விற்கும்போது, ‘பழைய பாகங்கள் கைவசம் உள்ளன’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள். கூடுதல் விலை கிடைக்கிறது.