அரிக்கமேடும் ஒரு ரோமானியத் தளபதியும்

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழ்ந்தபோது, செந்நிற மெருகு பூசிய இத்தாலிய மட்கல ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவர்களின் முத்திரையும் இருந்தது. இத்தாலிக் குயவனின் தட்டு இங்கு வந்தது எவ்வாறு? விடை காண, அக்ரிப்பாவின் வாழ்க்கையைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

அக்ரிப்பா பெருங்குடியில் பிறந்தவரல்லர். ஆக்டேவியனின் இளமைத் தோழர்; அவருக்காகப் போர்களை வென்று கொடுத்தவர். கடற்படையைப் பழக்கத் தக்க துறைமுகம் இல்லாதபோது, நேப்பிள்ஸ் அருகே ஏரிகளைக் கால்வாய் வெட்டிக் கடலோடு இணைத்தார். பகைக் கப்பலைப் பற்றி இழுக்க, பொறியால் எறியும் இரும்புக் கொக்கியையும் அமைத்தார். கி.மு. 36-இல் நௌலோக்கஸ் போரில் அது நன்றாகவே வேலை செய்தது. கான்சல் என்னும் உயர்பதவியை வகித்த பிறகும், கி.மு. 33-இல் அதனினும் தாழ்ந்த பதவியொன்றை ஏற்று, ரோமின் சாக்கடைகளைத் தூர்வாரி, அவற்றினுள் படகில் சென்று பார்த்தார்! நம் நகராட்சியினர் கவனிக்க.

கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியும் கிளியோபாத்ராவும் அவரிடம் தோற்றனர். மறு ஆண்டு எகிப்து ரோமின் வசமாயிற்று. செங்கடல் துறைமுகங்களும் உடன் வந்தன. முன்பு 20 கப்பல்கள்கூடச் செங்கடலைத் தாண்டத் துணியவில்லை, இப்போதோ 120 கப்பல்கள் இந்தியா நோக்கிச் செல்கின்றன என்று ஸ்ட்ராபோ எழுதினார். பருவக்காற்று அவற்றை உந்திற்று.

ஆனால் ரோமானியர் வந்ததால்தான் அரிக்கமேடு தோன்றியது எனக் கொள்ளலாகாது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய அகழாய்வு, அதற்கு முன்பே இங்கு மக்கள் குடியிருந்ததைக் காட்டிற்று. அக்ரிப்பா கி.மு. 12-இல் இறந்தார். அந்தச் செந்நிற ஓடுகள் பெரும்பாலும் அவருக்குப் பிற்பட்டவை.