பஞ்சுக்குக் கட்டிய துறை

மீன் வாங்கும் உத்தேசம் எதுவும் எனக்கு இல்லை. ஆனாலும் மும்பைக்குப் போயிருந்தபோது, விடியற்காலை ஐந்து மணிக்கே நண்பர் என்னை எழுப்பி, கொலாபாவிலுள்ள சாசூன் டாக் என்னும் கப்பல்துறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "சரித்திரம் சரித்திரம் என்று எழுதுகிறீரே, ஓய், இதைப் பார்க்காமல் ஊர் திரும்பலாமா?" என்றார்.

வாசலில் கால் வைப்பதற்கு முன்பே மூக்குக்கு இடம் தெரிந்துவிட்டது. உள்ளே ஒரே கூச்சல். படகுகளிலிருந்து கூடை கூடையாக வவ்வாலும் இறாலும் இறங்கின. ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தம்; மறுபக்கம் கைவண்டிக்காரர்களின் அதட்டல். நடுவே, சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிய கோலிப் பெண்கள் மீனைக் கூறு கூறாகக் குவித்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கூடை தூக்கினார்கள், பேரம் பெண்களுடையது.

இந்தத் துறை மீனுக்காகக் கட்டியதல்ல, பஞ்சுக்காகக் கட்டியது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வருவது தடைப்பட்டது. பம்பாய்ப் பஞ்சு பொன் விலை விற்றது. 1865-ல் யுத்தம் முடிந்ததும் விலை சரிந்து, லட்சாதிபதிகள் பலர் ஓட்டாண்டிகளானார்கள். தாக்குப்பிடித்தவர்களில் ஒருவர், பாக்தாதிலிருந்து வந்த யூத வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் சாசூன். கடலோரத்தைத் தூர்த்து 1875-ல் இந்தத் துறையை அவர் கட்டினார். 1879-ல் துறைமுக நிர்வாகம் அதை விலைக்கு வாங்கியது. பிறகு வேறு பெரிய துறைகள் எழுந்தன. பஞ்சு அங்கே போயிற்று. மீன் இங்கே வந்தது.

மீன் வந்ததென்றால் கோலிகளும் புதிதாக வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போர்ச்சுக்கீசியர் வருமுன்பே இந்தத் தீவுகளில் வலை வீசியவர்கள் அவர்கள். 1661-ல் தீவுகளை இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்லஸுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார்கள். 1668-ல் அவன் வருஷத்துக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கம்பெனியிடம் விட்டான். இரண்டு தடவையும் வலைக்காரர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. அவர்கள் கும்பிட்ட மும்பாதேவியின் பெயர்தான் 1995-ல் நகரத்தின் அதிகாரபூர்வமான பெயராயிற்று.

வயதான ஓர் அம்மாளிடம், நண்பர் மூலமாக, "இந்தச் சாசூன் யார், தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் மராத்தியில் சொன்னதை நண்பர் சிரித்துக்கொண்டே தமிழாக்கினார்:

"அவன் யாரோ! என் பாட்டி இங்கே உட்கார்ந்து மீன் விற்றாள், அது தெரியும். நீ மீன் வாங்கப் போகிறாயா, வழியை விடப் போகிறாயா?"

ஒதுங்கி வழி விட்டேன்.