ஒரு தொட்டி மண்

வட கலிஃபோர்னியாவில் கஞ்சா வளர்ப்பவர்களிடம் ஒரு மண் கலவைக் குறிப்பு ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பீட் பாசி ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு, காற்றோட்டத்துக்குப் பெர்லைட்டோ வெர்மிகுலைட்டோ ஒரு பங்கு. அதோடு வேப்பம் பிண்ணாக்கு, கடற்பாசித் தூள், நண்டோட்டுத் தூள், குவானோ எனப்படும் பறவை எச்சம், கொஞ்சம் பாறைத் தூள். நீர் தெளித்துக் கிளறி, சில வாரங்கள் மூடிவைத்துத் தொட்டியில் நிரப்ப வேண்டும். அப்புறம் ரசாயன உரமே வேண்டாம், தண்ணீர் மட்டும் ஊத்தினா போதும் என்பார்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும். நம் வீட்டு மசாலாத் தூள் மாதிரி, அவரவர் கைப்பக்குவம்.

மலேசியாவில் இருக்கும் எனக்கு அந்தச் செடியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கியபின் அதை வெறும் தோட்டக் குறிப்பாகப் படிக்க முடியவில்லை.

முதலில், ஏன் தொட்டி? 1960களின் இறுதியில் நகர வாழ்க்கையை உதறிவிட்டு ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி மாவட்டங்களின் மலைக்காடுகளுக்குப் போன இளைஞர்கள் காய்கறியோடு கஞ்சாவும் போட்டார்கள். 1983இல் அரசு ‘கேம்ப்’ என்ற ஒழிப்பு நடவடிக்கையைத் தொடங்கியது. ஹெலிகாப்டர்கள் மலைமேல் சுற்றின. வெட்டவெளியில் நட்டால் வானத்திலிருந்து தெரிந்துவிடும். செடிகள் மரநிழலுக்குப் போயின, பிறகு வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்துக்குப் போயின. தரை போய்த் தொட்டி வந்தது.

தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் போட்டால் சரிவராது. நிலத்தில் நீர் இறங்க ஆழம் உண்டு. தொட்டியில் ஒரு முழம்தான். மண் இறுகி, அடியில் நீர் தேங்கி, வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகும். 1960களின் தொடக்கத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பூட்லியும் ஷெல்ட்ரேக்கும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: மண்ணே இல்லாத மண். பாதி பீட், பாதி வெர்மிகுலைட், கூடவே சுண்ணாம்பும் ரசாயன உரமும். எடை குறைவு, எங்கே கலந்தாலும் ஒரே தரம். தொட்டிச் செடி வணிகம் இதைப் பிடித்துக்கொண்டது. கஞ்சா வளர்த்தவர்கள் இந்த எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, ரசாயனம் இருந்த இடத்தில் மக்கிய உரத்தை வைத்தார்கள்.

அந்த உரத்தின் கதை இந்தூரில் தொடங்குகிறது. 1905இல் அரசாங்கத் தாவரவியலாளராக இந்தியா வந்த ஆல்பர்ட் ஹோவர்ட், 1924 முதல் 1931 வரை இந்தூரில் வேலை செய்தார். பயிர்க்கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கி, ஈரம் காத்து, கிளறிவிட்டு, மூன்று மாதத்தில் உரமாக்கும் முறைக்கு ‘இந்தூர் முறை’ என்று பெயர் வந்தது. 1931இல் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து அதைப் புத்தகமாக எழுதினார். இந்திய விவசாயிகளே தனக்கு ஆசிரியர்கள் என்று ஹோவர்ட் ஒளிக்காமல் சொன்னவர்தான். ஆனால் அந்த ஆசிரியர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஹோவர்டைப் படித்த ரோடேல் 1942இல் அமெரிக்காவில் இயற்கை வேளாண்மைக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். மலைக்குப் போன இளைஞர்களுக்கு உரக்குழி போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான்.

மற்றச் சாமான்களில் மூன்றைத் தொட்டால், மூன்றிலும் ஒரே பெயர் வருகிறது: டபிள்யூ. ஆர். கிரேஸ்.

குவானோ பெருவின் சிஞ்சா தீவுகளிலிருந்து வந்தது. 1840களிலிருந்து ஐரோப்பிய வயல்கள் அதைத் தின்று கொழுத்தன. 1849க்கும் 1874க்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லட்சம் சீனக் கூலிகள் பெருவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தீவுகளில் அம்மோனியா நெடியில், சவுக்கடியில், எச்ச மலைகளை வெட்டினார்கள். தாங்க முடியாமல் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. அதே காலத்தில்தான் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்துகொண்டிருந்தார்கள். தீவுக்கு வரும் கப்பல்களுக்குச் சாமான் விற்ற கடையில் சேர்ந்து முதலாளியானவர் அயர்லாந்துக்காரர் வில்லியம் ரஸல் கிரேஸ். பின்னாளில் நியூயார்க் மேயரும் ஆனார்.

வெர்மிகுலைட். மொண்டானா மாநிலத்தின் லிபி என்ற சிற்றூரில் இருந்த பெரிய சுரங்கத்தை 1963இல் அவருடைய கம்பெனி வாங்கியது. அங்கே வெட்டிய கனிமத்தோடு கல்நாரும் கலந்திருந்தது. வேலையாட்கள் அந்தத் தூசியைச் சட்டையில் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். துணி துவைத்த மனைவிக்கும் மடியில் ஏறிய பிள்ளைக்கும் நுரையீரல் போனது. சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் செத்த பிறகு, 2009இல்தான் அரசு அதைப் பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்தது.

வேப்பம் பிண்ணாக்கு நம்ம ஆள். இன்றும் கஞ்சா மண்ணில் பூச்சிக்கும் சத்துக்கும் அதைத்தான் போடுகிறார்கள். 1994இல் வேப்பெண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமம் கொடுத்தது. வாங்கியவர்கள் அமெரிக்க வேளாண் துறையும் அதே கிரேஸ் கம்பெனியும். நம் பாட்டிகள் தானியப் பானைக்குள் வேப்பிலை போட்டபோது யாரிடம் உரிமம் வாங்கினார்கள்? வந்தனா சிவாவும் மற்றவர்களும் வழக்காடி 2000இல் அதை ரத்துசெய்ய வைத்தார்கள். மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது.

ஒரு கம்பெனியை வில்லனாக்கி முடித்துவிடுவது சுலபம். அதைவிட என்னை உறுத்துவது, மண்ணைத் தொட்ட கைகளுக்கெல்லாம் பெயர் இல்லை, விற்றவருக்கு மட்டும் இருக்கிறது என்பது. தோட்டக் கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பீட் சதுப்புகளை வெட்டுவது சூழலுக்குக் கேடு என்று பலர் தென்னை நார்த்தூளுக்கு மாறுகிறார்கள். பொள்ளாச்சியிலும் இலங்கையிலும் கயிறு திரித்தபின் மலைபோல் குவிந்து கிடந்த குப்பை அது. உப்பு போகக் கழுவி, சுண்ணாம்புச் சத்து ஏற்றி, செங்கல்லாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் 2016 வாக்கெடுப்புக்குப் பின் ஒரு வீட்டில் ஆறு கஞ்சாச் செடி வளர்க்கலாம். மலேசியச் சட்டத்தில் 200 கிராம் கையிலிருந்தாலே கடத்தல்காரன் என்று கருதப்படும். கட்டாயத் தூக்கு 2023இல்தான் நீங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரைச் சாங்கியில் தூக்கிலிட்டார்கள். அங்கே ஒரு மூட்டை நார்த்தூளை வாங்கிக் கஞ்சா விதை போடுகிறவருக்கு அது வார இறுதிப் பொழுதுபோக்கு. அதே பொள்ளாச்சி நார்த்தூள் நம் நாற்றங்கால் கடைகளிலும் கிடைக்கிறது. நாம் அதில் கறிவேப்பிலை வைக்கிறோம். மண்ணுக்கு இரண்டு செடியும் ஒன்றுதான். யார் கையில் எது இருந்தால் குற்றம் என்பதை மண் எழுதவில்லை.