மிச்சம் வயல்களின் புதினா

தென் இலண்டனில், ரூட்டிங் கடைத்தெருவை அடுத்து மிச்சம் என்னும் ஊர் உளது. எம்மவர் பலர் குடியிருக்கும் பகுதி அது. தமிழ்க் காதுக்கு எஞ்சிய பொருளை நினைவூட்டும் இப்பெயர், 19ஆம் நூற்றாண்டிலே பெப்பர்மின்ற் எண்ணெயின் உயர்தரத்தைக் குறிக்கும் பெயராகச் சந்தைகளில் வழங்கியது.

பெப்பர்மின்ற் தொன்மையான செடியன்று. நீரோரம் வளரும் காட்டுப் புதினாவும், நாம் சம்பலுக்கு அரைக்கும் ஸ்பியர்மின்ற் புதினாவும் தாமாகக் கலந்து பிறந்த கலப்பினம் அது. ஹாட்போட்சயர் மாவட்டத்திற் காணப்பட்ட அச்செடி மிளகுபோற் காரமானதெனத் தாவரவியலாளர் ஜோன் றே 1696இல் பதிவு செய்தார். 1721இல் இலண்டன் மருத்துவர் கழகத்தின் மருந்து நூலிலும் அது இடம்பெற்றது. கலப்பினமாதலால் அது அனேகமாக விதை கொள்வதில்லை. தண்டையோ வேரையோ பிரித்து நட்டாலன்றிப் பெருகாது. ஆதலின் நல்ல பெப்பர்மின்ற் ஒவ்வொன்றும், கைக்குக் கை மாறி வந்த ஒரு துண்டுத் தண்டின் வழித்தோன்றலே.

மிச்சத்தில் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சில ஏக்கரிலே தொடங்கிய இப்பயிர், அந்நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ 100 ஏக்கராக விரிந்தது. அயல் வயல்களில் லவண்டர் பூத்தது. உழவர் இருவகைப் பெப்பர்மின்றை நட்டனர். பச்சைத் தண்டுடைய 'வெள்ளை' வகையின் எண்ணெய் நயமானது. தண்டு கருஞ்சிவப்பான 'கறுப்பு' வகையோ கூடுதலான எண்ணெய் தருவது. வயிற்றுப்பாட்டை எண்ணிய உழவர் கறுப்பையே பெரிதும் விரும்பியதில் வியப்பில்லை. பூக்கும் பருவத்தில் அறுத்து, சற்றே வாட்டி, வடிகலங்களில் ஆவியேற்றி எண்ணெய் எடுத்தனர்.

பின்னர் அமெரிக்காவின் மலிவான எண்ணெய் சந்தையை நிறைத்தது; இலண்டன் வீடுகள் வயல்களை விழுங்கின. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு அப்பயிர் அங்கு மறைந்தொழிந்தது. ஆனால் மிச்சிகன் மாநிலத்து உழவரோ, அதற்கு முன்னரே 'கறுப்பு மிச்சம்' தண்டுகளைத் தம் மண்ணுக்குக் கொண்டுசென்றிருந்தனர். அங்கே மண்ணிலுள்ள பூஞ்சணம் செடிகளை வாட்டியபோது, விதையில்லாச் செடியில் ஒட்டுவகை உண்டாக்க வழியின்றி, தண்டுகளுக்குக் கதிர்வீச்சூட்டி நோய் தாங்கும் வகையொன்றைத் தேர்ந்தனர். 1971இல் வெளிவந்த அவ்வகைக்கும் 'ரொட்ஸ் மிச்சம்' என்றே பெயர். வயல் போயிற்று, ஊர்ப்பெயர் கடல் கடந்தும் நிலைத்தது.

வீட்டுத் தோட்டத்தார் அறியவேண்டியது ஒன்றுண்டு. 'பெப்பர்மின்ற் விதை' என விற்கும் பொதிகளை வாங்குதல் வீண். அவற்றில் முளைப்பது பெரும்பாலும் வேறொரு புதினாவே. தெரிந்தவரிடம் தண்டொன்று கேட்டு, நீரிலிட்டு வேர்விட்டதும் நடலாம். சொக்கலேற் மின்ற் என்பதும் பெப்பர்மின்றின் ஒரு வகையே, தேநீருக்கு ஏற்றது. மென்மயிர் படர்ந்த இலையுடைய அப்பிள் மின்றும், வெள்ளைக் கரையிட்ட அன்னாசி மின்றும் வேறோர் இனம். பழச்சாற்றில் மிதக்கவிட நன்று. சம்பலுக்கும் பிரியாணிக்கும் ஸ்பியர்மின்ற்றுக்கு நிகரில்லை. பெப்பர்மின்றை அரைத்தால் அதிலுள்ள மெந்தோல் மருந்து மணத்தையே தரும். எவ்வகையாயினும் சாடியில் நடுவதே நலம். நிலத்தில் விட்டால், இரண்டாம் ஆண்டிலே பக்கத்துக் கீரைப்பாத்தியைத் தேடவேண்டி வரும்.