மஞ்சள் பால் குடிச்சா நுரையீரல் தழும்பு ஆறுமா? சென்னையில் தொடங்கின ஒரு எலிக்கதை

1/ எர்ணாவூர்க்காரங்களுக்குத் தூசியைப் பத்தி நான் சொல்லணுமா? ஆலைப் புகை, கன்டெய்னர் லாரி, நிலக்கரித் துகள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு அமோனியா கசிஞ்சு ஜனங்க மூச்சுத்திணறி வீட்டை விட்டு ஓடினதும் பக்கத்து எண்ணூர்லதான். அதனால இந்தக் கேள்வி வந்துக்கிட்டே இருக்கு: "டாக்டர், தினமும் மஞ்சள் பால் குடிச்சா நுரையீரல் சரியாகிடுமா?"

2/ சிரிச்சிட்டுப் போற கேள்வி இல்லைங்க. இதுக்குப் பின்னால நம்ம ஊர் ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு.

3/ முதல்ல, தழும்புன்னா என்ன? கையில வெட்டுப்பட்டா அந்த இடத்தை அடைக்கிற புரதம் கொலாஜன். மூணு இழை முறுக்கின கயிறு மாதிரி அதோட வடிவம். அதை 1954ல் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இதே கொலாஜன் நுரையீரலின் காற்றறைச் சுவர்ல படிஞ்சா சுவர் தடிச்சு விறைச்சிடும். ஆக்சிஜன் ரத்தத்துக்குள்ள போகாது. இதுதான் ஃபைப்ரோசிஸ்.

4/ தோலும் பெரும்பாலும் கொலாஜன்தான். அதனாலதான் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துல நுரையீரலைப் பத்தியும் ஆராய்ச்சி நடந்தது. புனிதவதி, வெங்கடேசன், மேரி பாபு மூணு பேரும் 2000ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க.

5/ எலிகளோட மூச்சுக்குழாய்ல பிளியோமைசின் செலுத்தினாங்க. இது ஜப்பானின் உமெசாவா குழு 1960கள்ல மண் நுண்ணுயிர்ல கண்டுபிடிச்ச புற்றுநோய் மருந்து. பக்கவிளைவா நுரையீரல்ல தழும்பு வரும். அந்தக் கெட்ட குணமே ஆய்வகத்துக்கு உதவியாச்சு: தழும்பை வேணும்னே உண்டாக்கிப் பார்க்கலாம்.

6/ மருந்து போனதும் அழற்சி. பாதுகாப்பு அணுக்கள் குவிஞ்சு, வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்கும். அதைத் தணிக்கிற குளூட்டதயோன் மாதிரி ஆன்டிஆக்சிடன்ட் போதலைன்னா திசு கருகும், கொலாஜன் குவியும். மஞ்சளின் குர்குமின் கொடுத்த எலிகளுக்கு அழற்சியும் குறைஞ்சது, கொலாஜனும் குறைஞ்சது.

7/ 2004ல் அமெரிக்க, ஜப்பானிய விஞ்ஞானிகள் இன்னொரு கோணத்துல பார்த்தாங்க. உடம்போட ஆன்டிஆக்சிடன்ட் நொதிகளை முடுக்கிவிடற என்.ஆர்.எஃப்2 ஸ்விட்ச் இல்லாத சுண்டெலிகள். அதே பிளியோமைசின். தழும்பு இன்னும் மோசம்!

8/ அப்போ மனுஷனுக்கும் அழற்சியைக் குறைச்சு, ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தா போதுமே? காரணம் தெரியாம வர்ற ஐ.பி.எஃப் தழும்பு நோய்க்கு டாக்டர்கள் அப்படித்தான் கொடுத்துக்கிட்டு இருந்தோம்: ஸ்டீராய்டு, அசதயோப்ரின், அசிடைல்சிஸ்டீன். அமெரிக்காவுல முறையா சோதிச்சாங்க. 2012ல் வெளியான முடிவு: மூணு மருந்தும் வாங்கினவங்கள்ல 8 பேர் இறந்தாங்க, வெறும் மாத்திரை வாங்கினவங்கள்ல 1. அந்தச் சிகிச்சையை நடுவுலயே நிறுத்திட்டாங்க. அசிடைல்சிஸ்டீன் மட்டும் கொடுத்த சோதனை 2014ல் வந்தது. பலன் இல்லை.

9/ எலி பொய் சொல்லலை. நாமதான் அவசரப்பட்டோம். சென்னை எலிகளுக்குக் குர்குமின் ஆரம்பிச்சது காயத்துக்கு 10 நாள் முன்னாடி. நம்ம நோயாளி வர்றது தழும்பு விழுந்து வருஷக்கணக்கான பிறகு. அப்போ அணைக்க வேண்டிய அழற்சியே பெருசா இருக்காது.

10/ அளவையும் பாருங்க. எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 300 மில்லிகிராம். மனுஷ உடம்புக்கு ஏத்த மாதிரி கணக்குப் போட்டாலும் தினம் கிட்டத்தட்ட 3 கிராம் குர்குமின். மஞ்சள்தூளா எடுத்தா 100 கிராம்! அதுலயும் குடல் உறிஞ்சறது ரொம்பக் கம்மி.

11/ மஞ்சள் பால் பிடிச்சா குடிங்க, தப்பில்லை. ஆனா அதை நம்பி மூச்சு வாங்கறதைத் தள்ளிப்போடாதீங்க. படி ஏறினா இளைப்பு, வாரக்கணக்கா வறட்டு இருமல், அதோட வெல்டிங், மணல் பிளாஸ்டிங், நிலக்கரி வேலைன்னா ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போய் ஊதிப் பார்க்கிற டெஸ்ட், எக்ஸ்ரே எடுங்க. என்ன வேலை செய்யறீங்கன்னு டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. இன்னைக்கு இருக்கிற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ரெண்டும் தழும்பு பரவுற வேகத்தைக் குறைக்கும், விழுந்த தழும்பை அழிக்காது.

12/ எலிக்குப் பலிச்சது காயத்துக்கு முன்னாடி கிடைச்ச பாதுகாப்பு. எர்ணாவூர்ல அந்த "முன்னாடி"க்கு அர்த்தம் சுத்தமான காத்து, வேலையிடத்துல தூசி எழாம தண்ணி தெளிக்கிறது, முகத்துல சரியா பொருந்துற மாஸ்க். இதைக் கேட்டு வாங்கறது நம்ம உரிமைங்க.