அதிகாலை 5.30: தபால் உத்தியோகத்தரின் எழுத்துமேசை

‘எழுத நேரமில்லை’ என்பது உத்தியோகம் பார்க்கும் எழுத்தாளரிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. நாள் முழுவதும் இணையத்தின் முன்னமர்ந்து தொழில் செய்யும் இக்காலத்தில் அது இன்னும் கூடியுள்ளது. ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப்பின் வாழ்வு இதற்கொரு பதில்.

1834 முதல் 1867 வரை அவர் பிரித்தானியத் தபால் சேவையில் பணியாற்றினார். கடமை நிமித்தம் புகையிரதத்தில் அலைந்த காலத்தில், சிறு பலகையொன்றை வைத்துப் பென்சிலால் எழுதினார். மனைவி அதைப் பிரதி செய்தார். 1857இல் வெளிவந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி அவ்வாறு உருவானதே.

பின்னர் அதிகாலை 5.30க்கு மேசையில் அமர்வது வழக்கமாயிற்று. முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொற்கள் எழுதுவார். தம்மை எழுப்பிவிடும் முதிய குதிரைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். தமது வெற்றிக்காக வேறெவரையும்விட அவருக்கே தாம் கடன்பட்டிருக்கக்கூடும் என்றும் குறிப்பிட்டார்.

1882இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு வெளியான சுயசரிதையில் இவற்றை வாசித்தோர், கலையைக் கணக்காக்கிவிட்டார் என முகஞ்சுளித்தனர். அவரது மதிப்பும் சரிந்தது. ஆனால் அவரது 47 நாவல்களும் எஞ்சின, இன்றும் வாசிக்கப்படுகின்றன. எழுச்சி வரட்டும் எனக் காத்திருக்கும் நம்மிடம் எஞ்சப்போவது எது?