மிளகாய்ப் பூவும் வெனிலாப் பூவும்

போன சித்திரையில் எங்க வீட்டு மாடித் தொட்டியில் மிளகாய்ச் செடி பூத்துக் குலுங்கியது. காய்தான் ஒன்றுகூட இல்லை. பூவெல்லாம் காம்போடு உதிர்ந்து கிடந்தது. நாலாவது மாடிக்குத் தேனீ எங்கே வரப்போகிறது என்று நினைத்து, பழைய டூத்பிரஷ் ஒன்றை எடுத்து தினமும் காலையில் பூப்பூவாகத் தடவினேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "மிளகாய்க்கு யாருடா இதெல்லாம் பண்ணினாங்க? காத்துல ஆடினாலே காய்க்கும்."

அம்மா சொன்னது சரிதானா என்று தேடப்போய் வேறொரு கதைக்குள் போய்விட்டேன்.

மிளகாயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1493ல் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியா வந்தது. மிளகு போல் உறைக்கிற காய் என்பதால் நமக்கு மிளகாய். புதிய மண்ணில் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது என்றால், 1542ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் இதைக் 'கள்ளிக்கோட்டை மிளகு' என்றே எழுதினார். 1776ல் ஜாக்வின் இன்னொரு மிளகாய் இனத்துக்குச் சீனாவின் பெயரை வைத்தார். அதுவும் அமெரிக்கச் செடிதான்!

இதே மெக்சிகோ பக்கத்திலிருந்து கப்பலேறிய இன்னொரு செடி வெனிலா. 1820 வாக்கில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்குப் போனது. கொடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் ஏறக்குறைய 20 வருடம் காய்க்கவில்லை. அதன் பூவில் மகரந்தத்துக்கும் சூலகமுடிக்கும் நடுவே ஒரு சின்ன மடல் தடுப்பாக நிற்கிறது. அதைத் தாண்டத் தெரிந்த தேனீக்கள் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டன. எங்க தொழில் பாஷையில் சொன்னால், டிபெண்டென்சியை விட்டுவிட்டு இன்ஸ்டால் பண்ணிய சாஃப்ட்வேர்.

1841ல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு மெல்லிய குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி ஒட்டவைத்தான். காய்த்தது. தீவு வெனிலாவில் செழித்தது. 1848ல் விடுதலை பெற்ற எட்மண்ட் 1880ல் வறுமையில் இறந்தார். இன்றும் வெனிலாத் தோட்டங்களில் கையால்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள்.

மிளகாய்க்கு எட்மண்ட் தேவைப்படவில்லை. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு, நடுவில் தடுப்பு இல்லை. பூ தலைகுனிந்து தொங்கும். மகரந்தப் பை வெடித்ததும் காற்றில் கொஞ்சம் ஆடினால் போதும், தூள் சூலகமுடியில் விழுந்துவிடும். துணையைச் சொந்த ஊரில் விட்டுவந்தாலும் பிழைக்கிற செடி. அது உலகம் சுற்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்போ என் செடியில் பூ ஏன் கொட்டியது? வெயில். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் வீரியம் இழக்கும். பிரஷ் என்ன செய்யும்? ஆவணியில் நாலு மழை பெய்ததும் நான் தொடாமலே காய்த்தது. காற்றே புகாத பால்கனி என்றால் மட்டும் காலையில் செடியை லேசாகத் தட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தேனீ வந்தால் பக்கத்துச் செடியின் மகரந்தத்தையும் கொண்டுவரும். இந்த வருடக் காய் மாறாது, அதன் விதையில் முளைக்கிற செடி மாறலாம். அம்மா கொண்டுவந்த குண்டு மிளகாய்க்குப் பக்கத்தில் நான் குடைமிளகாய் வைத்திருந்தேன். எடுத்த விதையில் வந்த செடியில் காய் நீளமாகவும் இல்லை, குண்டாகவும் இல்லை, உறைப்பும் பாதிதான். ஊரில் அந்த விதை இப்போது யாரிடமும் இல்லையாம். அம்மாவிடம் மிச்சமிருந்த பழைய விதை ஒரு பிடியை மறுபடி போட்டிருக்கிறேன். இந்த முறை மொட்டிலேயே மெல்லிய வலைப்பை கட்டியாகிவிட்டது.